டீச்சர் சாப்பிடாத வல்லாரை

ஜூன் 3, திங்கள்

வயர் கடைக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் பீரோ மேலே சும்மா கிடந்தது. "அப்பா, மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்காம எதையாவது எழுதித் தொலைங்க"ன்னு மகள் ஷீபா ஓசூர்லேர்ந்து போனில் கத்தினாள். கத்துற குணம் என்கிட்டேர்ந்து போனது. சரி, எழுதுதேன்.

என் பேர் ஆசீர்வாதம். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். என் சம்சாரம் சுகிர்தம், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவள். கல்யாணத்துக்கு முந்தி அவளுடைய லேபில் பியூஸ் போடப் போனப்ப "டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொன்னேன். "தள்ளி நிக்கேன், மெயினை ஆஃப் பண்ணியளா?"ன்னு கேட்டாள். பண்ணலை. அன்னைக்கே விழுந்தவன் நான். இன்னைக்கு வரைக்கும் வேற பேர் வாயில வரலை, டீச்சர்தான்.

பிப்ரவரியில் டீச்சருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, ஞாபகம் போகிற வியாதி, அல்சைமர், ஆரம்பக் கட்டம்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசலில் எனக்குத்தான் தலை சுத்தியது. டீச்சர்தான் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

இன்னைக்கு டாக்டர் ஜுலைகா கூப்பிட்டிருந்தாங்க. மேலப்பாளையத்துக்காரங்க, நரம்பு டாக்டர். வல்லாரையிலேர்ந்து சத்தைத் தனியாப் பிரிச்சு மாத்திரையாக்கி, அது இந்த வியாதிக்கு உதவுமா உதவாதான்னு ஒரு ஆராய்ச்சி நடத்துறாங்க. சேர்றவங்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பட்டியல் சென்னையில் பூட்டிக் கிடக்குமாம், எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ரகசியத்தைப் பிரிப்பாங்களாம்.

எங்களைப் போல வந்திருந்தவங்களை ஒரு ஹாலில் உக்கார வச்சு டாக்டரம்மா பைய விளக்கிட்டு இருந்தாங்க. டீச்சர் கையைத் தூக்கினாள். "இலையில இருந்து எடுக்கியளா, முழுச் செடியில இருந்தா? எதுல கரைச்சு எடுக்கிய? ஆடியில பறிச்ச வல்லாரையும் தையில பறிச்ச வல்லாரையும் ஒண்ணு போல இருக்காதே, எல்லா மாத்திரையிலும் ஒரே அளவு சத்து இருக்குன்னு எப்படிப் பார்க்கிய?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "டீச்சர், இந்தக் கடைசிக் கேள்வியில எனக்கே ரெண்டு வருஷம் போச்சு"ன்னு சிரிச்சாங்க. வீட்டுச் சாவியை எங்கே வச்சோம்னு தெரியாமத் தவிக்கிற அதே மண்டையிலேர்ந்துதான் இவ்வளவும் வந்தது. எனக்குப் பெருமை தாங்கலை. பக்கத்து ஆள்கிட்ட "என் சம்சாரம்"னு சொன்னேன். அவர் "அப்படியா"ன்னுட்டுத் திரும்பிக்கிட்டார், ரசனை கெட்ட மனுஷன்.

நானும் ஒரு கேள்வி கேட்டேன். "டாக்டர், எங்க டீச்சருக்கு நிஜ மாத்திரையாப் பார்த்துக் கொடுத்துருங்களேன்." ஹாலே சிரிச்சது. டீச்சர் என் தொடையில் கிள்ளினாள்.

ஒரு கண்டிப்பு உண்டு. ஆராய்ச்சி முடியிற வரைக்கும் வீட்டில் வல்லாரை, நீர்ப்பிரமி, ஞாபகசக்தி லேகியம் எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தா, குணம் தெரிஞ்சது மாத்திரையாலயா கீரையாலயான்னு பிரிக்க முடியாதுல்லா. டீச்சர் கையெழுத்துப் போட்டாள். எழுத்து இன்னும் முத்து முத்தாத்தான் இருக்கு.

ஜூன் 4, செவ்வாய்

மாத்திரை ஆரம்பம். பச்சை நிறம். மோந்து பார்த்தேன். வல்லாரைன்னா ஒரு நெடி அடிக்கணும்லா? ஒண்ணும் அடிக்கலை. சவம், வெத்து மாத்திரைதான் போல.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலில் எல்லாப் பாட்டையும் புத்தகம் பார்க்காமப் பாடினாள். வெளியே வந்து ஐயர் சம்சாரத்திடம், அதான் எங்க சபைப் போதகர் வீட்டம்மாவிடம், "நீங்க ஊருக்குப் புதுசா?"ன்னு கேட்டாள். அந்தம்மா நல்ல மாதிரி. "ஆமா டீச்சர், பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னு சமாளிச்சுட்டாங்க.

மத்தியானம் ஷீபா போன். மஞ்சள் பால் கொடுங்க, துளசி கொடுங்க, போன்ல ஒரு வீடியோ வந்திருக்கு, அதுல ஒருத்தர் சொல்லுதார். டீச்சர் போனைப் பிடுங்கினாள். "ஷீபா, மஞ்சள்ல உள்ள சத்து சோதனைக் குழாயில பிரமாதமா வேலை செய்யுது. வயித்துக்குள்ள போனா ரத்தத்துல சேர்றதே கொஞ்சம்தான். அதைச் சேர வைக்கத்தான் உலகம் பூரா மண்டையை உடைச்சிட்டு இருக்காங்க. உன் வீடியோக்காரர்கிட்ட அதைக் கேட்டுச் சொல்லு." ஷீபா போனை வச்சுட்டாள்.

அப்புறம் எனக்கு ஒரு கதை சொன்னாள். குளிர் தேசத்தில் பனி உருகுறப்ப ஒரு சின்ன வெள்ளைப் பூ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பூக்குமாம். அந்தச் செடியோட கிழங்கிலே கண்டுபிடிச்ச ஒரு சத்து, இப்ப இதே வியாதிக்கு மருந்தாவே கொடுக்காங்களாம். குணமாக்காது, கொஞ்ச காலத்துக்குத் தாங்கிப் பிடிக்கும். "ஒரு கிழங்குக்கும் என் மண்டைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க பார்ப்போம். ஆனா இருக்கு. ஆச்சரியமா இல்லையா?" சொல்லுறப்ப அவ முகம் அப்படி இருந்தது. வியாதி யாருக்கோ வந்த மாதிரியும் இவ வேடிக்கை பார்க்க வந்த மாதிரியும்.

அந்த வேகத்தில் உப்பு சோதனைக் கதையும் வந்தது. எனக்கு மனப்பாடம், ஆனாலும் கேட்டேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உப்பைக் கொடுத்து இது என்ன உப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுவாங்க. லேபுக்குப் புதுசா வந்த அட்டெண்டர், பாவம் பிள்ளைகள் பெயிலாயிரக் கூடாதேன்னு, எந்த பாட்டிலில் எதுன்னு முந்தின நாளே சொல்லிக் கொடுத்துட்டார். காசுக்கு இல்லை, இரக்கத்துக்குத்தான். டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சு. பரீட்சை அன்னைக்குக் காலையில் போய் அத்தனை பாட்டிலையும் இடம் மாத்தி வச்சாள். அட்டெண்டரைத் திட்டவும் இல்லை. "பாட்டில்ல கை வைக்காதீங்க, என்ன?"ன்னு நல்ல தன்மையாச் சொன்னாளாம். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மார்க் போச்சு. தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டாங்க. இவ அசையலையே.

ஜூன் 30, ஞாயிறு

தண்ணி மோட்டார் மக்கர். நானே பிரிச்சுப் பார்த்தேன். டீச்சர் பக்கத்தில் டெஸ்டரோடு நின்னு, "மெயினை ஆஃப் பண்ணியளா?"ன்னு கேட்டாள். இதை மட்டும் அவ மறக்க மாட்டாள் போல.

ஜூலை 9, செவ்வாய்

எழுத மனசே வரலை. ஆனாலும் எழுதிடுதேன்.

காலையில் தெருமுனைக் கடையில் கடுகு வாங்கிட்டு வாரேன்னு போனவ வரலை. கடையில் கேட்டா வரவே இல்லைங்கான். தெருத் தெருவா அலைஞ்சேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் போன் பண்ணினார். டீச்சர் அங்கே வந்து, பூட்டின லேப் வாசலில் நின்னு சாவி கேட்கிறாளாம். "பிள்ளைகள் வெயில்ல நிக்காங்க, சீக்கிரம் திறங்க"ன்னு.

ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு விளங்கிச்சு. ஓய்வு பெற்றது, வியாதி, எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாள். "பயமா இருக்குங்க." எனக்கும்தான் பயமா இருந்தது. "இதுல என்ன பயம், ரொம்ப நாள் போன இடம், காலு அது பாட்டுக்குப் போயிருக்கும்"னு சொன்னேன்.

ஒரு மாசத்துக்கு மேல மாத்திரை தின்னும் இந்தக் கதி. வெத்து மாத்திரை. சத்தியமா வெத்து மாத்திரை. எவனோ சென்னையில் உக்காந்துக்கிட்டு என் டீச்சர் பேருக்கு நேரா மாவு உருண்டைன்னு எழுதி வச்சிருக்கான். என் கண்ணில் மட்டும் அவன் பட்டான்னா தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

மார்க்கெட்டில் கீரைக்காரி வல்லாரை வச்சிருந்தாள். பச்சைப் பசேல்னு, அன்னைக்குப் பறிச்சது. வாங்கினேன். எனக்குத்தான். எனக்கும் வயசாகுதுல்லா. சாப்பிடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது டீச்சர். நான் போட்டது சாட்சிக் கையெழுத்து மட்டும்.

டீச்சர் ஒரு நாள் கேஸை அணைக்காம விட்டதிலேர்ந்து சமையல் என் பொறுப்பு. உளுந்தம்பருப்பும் வத்தலும் வறுத்து, புளி வச்சு, மத்தியானம் கொத்தமல்லித் துவையல் அரைச்சேன். டீச்சர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கட்டு காலி. கொத்தமல்லிக் கட்டைச் சொல்லுதேன்.

ஜூலை 20, சனி

கொத்தமல்லித் துவையல்.

ஜூலை 24, புதன்

கொத்தமல்லித் துவையல். ஷீபா வீடியோ காலில் தட்டைப் பார்த்துட்டு, "என்னப்பா, எப்பப் பார்த்தாலும் துவையலா?"ன்னாள். கொத்தமல்லி மலிவுன்னு சொன்னேன்.

ஜூலை 29, திங்கள்

டீச்சர் இன்னைக்குக் காலையில் ஐயர் சம்சாரத்தின் பேரைத் தானாச் சொன்னாள். சாவி வச்ச இடத்தையும் சொன்னாள். கடுகு, சோம்பு, வெந்தயம், எல்லா டப்பாவையும் அடுக்கி வச்சுட்டு இடுப்பில் கை வச்சு நின்னாள், பழைய டீச்சர் மாதிரி. நான் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆஸ்பத்திரியில் பரிசோதனை நாள். வார்த்தைகளைச் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்பாங்க, கடிகாரம் வரையச் சொல்லுவாங்க. போன தடவை டீச்சர் வரைஞ்ச கடிகாரத்தில் எல்லா எண்ணும் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடந்தது. இன்னைக்கு ஒழுங்கா வட்டமா வந்தது. டாக்டரம்மா அந்தத் தாளையே பார்த்துட்டு இருந்தாங்க. "இப்பச் சொல்லக் கூடாது. ஆனா சந்தோஷமா இருக்கு சார்"ன்னாங்க. அவங்க கண்ணு மினுங்கினது.

நர்ஸ் பிள்ளை இசக்கிராணி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "வீட்டுல வல்லாரை கில்லாரை ஒண்ணும் கொடுக்கலையே அய்யா?"

"சேச்சே"ன்னேன்.

சரி, எழுதித்தான் ஆகணும். இங்கேயும் பொய் எழுதினா அப்புறம் எதுக்கு டைரி. கொத்தமல்லி பேருக்குத்தான். பாதிக்கு மேல வல்லாரை. ஒளிச்சு அரைச்சு, ஒளிச்சு ஊட்டினேன். இவ குணமானா அந்தப் பாவம் என் தலையில இருந்துட்டுப் போகட்டும். ஆனா டாக்டரம்மா முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாட்டிக்கிட்டேன்.

கோயிலுக்குப் போயிட்டு வந்து சாப்பிட உக்காந்தோம். இன்னைக்குக் கொத்தமல்லி கொஞ்சம்தான் கிடைச்சது, முக்காலும் வல்லாரை. டீச்சர் துவையலை ஒரு வாய் வச்சாள். மெல்லுறதை நிறுத்தினாள். நாக்கில் வச்சே யோசிச்சாள்.

"இதுல என்ன போட்டிய?"

"கொத்தமல்லி."

"கொத்தமல்லி அடியில இப்படிக் கசக்காது. இந்த நெடியும் வராது." நேரா எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தாள். கீழ்த் தட்டில் காகிதம் சுத்தி வச்சிருந்ததைப் பிரிச்சாள். அரை நூற்றாண்டா மோந்து பார்த்தே பொருளைச் சொன்ன மூக்கு அது. அதுகிட்ட நான் கொத்தமல்லிக் கதை சொல்லியிருக்கேன் பாருங்க.

அப்புறம் விழுந்தது பாட்டு. நான் வேலையில் இருந்தப்ப எந்த இன்ஜினியரும் என்னை இப்படித் திட்டினது கிடையாது. "எனக்கு ஒரு மாசமா நல்லா இருக்குன்னா, அது எதுனால? மாத்திரையாலயா, இந்த இலையாலயா, ரெண்டும் இல்லாம அது பாட்டுக்கா? அந்த டாக்டர் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பா? என்கிட்ட கேட்டியளா? என் மண்டையை வச்சு நடக்கிற சோதனையில நீங்க எனக்குத் தெரியாம கை வைப்பியளா?"

"எனக்கு சோதனை முக்கியம் இல்ல டீச்சர். எனக்கு நீ வேணும். நீ என்னை மறந்துட்டா நான் எங்கே போவேன்?" சத்தமாத்தான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிச்சு.

டீச்சர் என் தோளில் கை வச்சாள். "தெரியும். அதனாலதான் எனக்கு இன்னும் கோபம் வருது. எனக்குப் பின்னால ஒருத்தி இதே மாதிரி பூட்டின வாசல்ல போய் நிப்பா. அவளுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருப்பார், உங்களை மாதிரியே கிறுக்கா. அவங்களுக்கு இது உதவும், உதவாதுன்னு ஒரு வார்த்தை உறுதியாச் சொல்ல வேண்டாமா? நாளைக்கு டாக்டர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லுறோம்."

"சொன்னா மாத்திரையை நிறுத்திருவாங்க டீச்சர்."

"நிறுத்தட்டும்."

அப்புறம் ஒண்ணு பண்ணினாள். ஒரு வல்லாரை இலையைக் கிள்ளி முந்தானையில் வச்சு முடிச்சுப் போட்டாள். "எனக்கு மறந்துரும்ல. இதை விட்டா இப்ப எனக்கு வேற வழி இல்ல"ன்னு சிரிச்சாள்.

இப்ப சாயங்காலம். அவ கொடியில் துணி எடுத்துட்டு இருக்கா. நான் இங்கே உக்காந்து ஜெபம் பண்ணினேன். கர்த்தாவே, நாளைக் காலையில இது அவளுக்கு மறந்து போகட்டும். பண்ணி முடிச்ச பிறகுதான் என்ன கேட்டேன்னே உறைச்சுது. இவ எதையும் மறக்கக் கூடாதுன்னு பிப்ரவரியிலேர்ந்து முழங்காலில் நிக்கிறவன் நான். இது என்ன ஜெபம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெபம் கேட்கப்பட்டது.

காலையில் நேத்து உடுத்தின சேலையை மடிச்சுக்கிட்டே கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. முந்தானையில முடிச்சு இருக்கு. என்னத்துக்கு முடிஞ்சேன்?"

நான் வாயைத் திறக்கலை. மறந்துட்டா. அவ்வளவுதான், ஒண்ணும் நடக்கலை, மாத்திரை மாத்திரை பாட்டுக்கு, துவையல் துவையல் பாட்டுக்கு. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

டீச்சர் முடிச்சை அவிழ்த்தாள். வாடிப்போன இலை உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தாள். அவ முகம் மாறிச்சு.

"வல்லாரைல்லா? நான் இதைத் தொடவே கூடாதே, ஆராய்ச்சியில இருக்கேனே. என்கிட்ட எப்படி வந்தது?" என்னையே பார்த்தாள். "ஏங்க, நான் புத்தி தடுமாறி இதைத் தின்னுட்டேனா? அந்த டாக்டர் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்? நான் அப்படிப் பண்ணுற ஆளா?"

என்னைச் சந்தேகப்பட்டிருந்தா நான் சாதிச்சிருப்பேன். அவ அவளையே சந்தேகப்பட்டாள். அதை எப்படிப் பார்த்துட்டு நிக்க.

"நீ ஒண்ணும் தின்னலை டீச்சர். நான்தான் உனக்குத் தெரியாமக் கொடுத்தேன். உக்காரு, சொல்லுதேன்."

சொன்னேன். நேத்துத் திட்டின அத்தனையையும் முதலிலேர்ந்து திட்டினாள். அவளுக்கு முதல் தடவை, எனக்கு ரெண்டாவது தடவை. ஒரு வார்த்தை மாறலை. எனக்கு அதிலேயும் ஒரு பெருமை வந்தது, என்னத்தைச் சொல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான்தான் பேசினேன். இசக்கிராணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். "சேச்சே"ன்னு சொன்னது அவகிட்டதானே. டாக்டரம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மாத்திரையை நிறுத்தணும் சார். நடந்ததை நடந்தபடி பதிவு பண்ணணும்"னாங்க. பிறகு, "டீச்சர் வரைஞ்ச அந்தக் கடிகாரத்தை வச்சுக்கிட்டு நான் என்னென்னமோ நினைச்சிட்டு இருந்தேன். நீங்க சொல்லாம விட்டிருந்தா, இல்லாத ஒண்ணை இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். நீங்க பிரியத்துல பண்ணினது எனக்குத் தெரியுது சார். அந்தப் பிரியத்தை என் கணக்குல எங்கே எழுத?"ன்னாங்க.

"பதிவு பண்ணுங்க டாக்டர். என் பேரு கெட்டுப்போகும்னு பார்க்காதிய"ன்னு டீச்சர் சொன்னாள். டாக்டரம்மா எழுந்து வந்து டீச்சர் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த ரெண்டு பொம்பிளைகளும் என்னைவிட எவ்வளவோ உயரம்.

வெளியே வந்து நன்னாரி சர்பத் குடிச்சோம். "மாத்திரை போச்சே டீச்சர்"னேன். "எலுமிச்சம்பழம் கூடப் பிழியச் சொல்லுங்க"ன்னாள்.

அக்டோபர் 18, வெள்ளி

மழை. ரேஷன் கடையில் பருப்பு வரலை. டீச்சர் இன்னைக்கு ஷீபாவை "எந்த கிளாஸ் பிள்ளை?"ன்னு போனில் கேட்டாள். ஷீபா என்கிட்ட போனைக் கொடுக்கச் சொல்லி அழுதாள்.

டாக்டரம்மா இனி வல்லாரை தாராளமாச் சமைக்கலாம்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. கீரைக்காரியும் கூப்பிட்டுப் பார்த்தாள். எனக்கு அந்தக் கட்டைக் கையால் தொட மனசு வரலை.

மார்ச் 14, வெள்ளி

வருஷம் மாறிடுச்சு. புது டைரி வாங்கலை. இதிலேயே காலிப் பக்கம் நிறையக் கிடக்கு.

டாக்டரம்மா போன் பண்ணினாங்க. ஆராய்ச்சி முடிஞ்சு ரகசியத்தைப் பிரிச்சுட்டாங்களாம். யார் யாருக்கு எது போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. "சார், உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. டீச்சருக்குப் போனது நிஜ மாத்திரை."

நான் கட்டிலில் உக்காந்துட்டேன்.

நிஜ மாத்திரை. நான் மாவு உருண்டைன்னு நினைச்சு ஏசிக்கிட்டு இருந்தது நிஜ மாத்திரை. அப்ப அந்த ஆடி மாசம், ஐயர் சம்சாரம் பேரைத் தானாச் சொன்னாளே, கடிகாரத்தை வட்டமா வரைஞ்சாளே, அது மாத்திரையோட வேலையா, என் துவையலோட வேலையா, சும்மா வந்த நல்ல காலமா? யாருக்கும் தெரியாது. இனி எப்பவும் தெரியாது. தெரியவிடாமப் பண்ணினவன் நான். டீச்சர் அன்னைக்குக் கேட்டது இதைத்தானே. அவ அன்னைக்குக் கேட்டது எனக்கு இன்னைக்குத்தான் விளங்குது.

மொத்தத்தில் என்ன ஆச்சுன்னு கேட்டேன். கொஞ்சம் உதவுற மாதிரி தெரியுதாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது, இன்னும் பெரிசா, இன்னும் நிறையப் பேரை வச்சுப் பார்க்கணுமாம். வேற யாராவதா இருந்தா "வல்லாரை ஜெயிச்சது"ன்னு பேப்பரில் போட்டிருப்பாங்க. இந்தம்மா போட மாட்டாங்க. அடுத்த ஆராய்ச்சியில் நோயாளியோடு வீட்டில் சமைக்கிறவங்களையும் தனியா உக்கார வச்சு, ஏன் கொடுக்கக் கூடாதுன்னு பொறுமையா விளக்கப் போறாங்களாம். "அது டீச்சர்கிட்ட நான் படிச்ச பாடம். நீங்க வந்து உங்க கதையைச் சொல்லுவியளா சார்?"ன்னு கேட்டாங்க.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வெட்கம் பிடுங்கும். போவேன்.

டீச்சர்கிட்ட சொன்னேன். "உனக்கு நிஜ மாத்திரைதானாம் டீச்சர்." ஜன்னல் வழியா வெளியே பார்த்துட்டு இருந்தாள். "எல்லாப் பிள்ளைகளும் வந்தாச்சா?"ன்னு கேட்டாள். வந்தாச்சுன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகலை. டீச்சருக்குப் படி இறங்கப் பயமா இருக்கு.

ஷீபா வந்திருக்கா. "அம்மாவுக்கு வல்லாரைத் துவையல்னா உயிருல்லாப்பா, வியாதி வரும் முந்தியே கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவாள்ல. இப்ப என்ன தடை?"ன்னு கேட்டாள். நியாயம்தான். மருந்துக்காக இல்லை, ஆசைக்காக. மார்க்கெட் போய் வாங்கி வந்தேன். ஒளிக்காம, கொத்தமல்லி கலக்காம, நல்லெண்ணெய் விட்டு அரைச்சேன். அவ கண்ணு முன்னாலயே தட்டில் வச்சேன்.

டீச்சர் சோத்தைப் பார்த்தாள். துவையலைப் பார்த்தாள். குனிஞ்சு மோந்தாள். விரலால் அதைத் தட்டோட ஓரத்துக்கு ஒதுக்கி வச்சாள்.

"என்ன டீச்சர், பிடிக்கலையா?"

"வல்லாரை. நான் சாப்பிடக் கூடாது."

"சாப்பிடலாம் டீச்சர். அந்த ஆராய்ச்சியெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"யார் சொன்னது? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." ஓங்கிச் சொன்னாள். ஷீபா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்னது. இந்த வாரம் பூரா மகள் பேர் வாயில வரலை, வீட்டு வாசல் எதுன்னு தெரியலை. இது மட்டும் போகலை. எல்லாம் போன பிறகு அடியில் மிஞ்சிக் கிடக்கிறது இதுதான்னா, எப்பேர்ப்பட்ட மனுஷியோடு நான் இத்தனை காலம் குடித்தனம் பண்ணியிருக்கேன்.

டீச்சர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தேடுறது தெரிஞ்சது. நான் அசையாம உக்காந்திருந்தேன், அவளுக்குத் தேட வசதியா இருக்கட்டும்னு.

"நீங்க லேபுக்குப் புதுசா வந்த ஆளா?"

ஷீபா எழுந்து அடுக்களைக்குப் போயிட்டாள்.

"ஆமா டீச்சர்."

"பாட்டில்ல கை வைக்காதீங்க, என்ன?" கோபமே இல்லை. நல்ல தன்மையாத்தான் சொன்னாள்.

"வைக்க மாட்டேன் டீச்சர்."

துவையலை எடுத்து என் தட்டில் போட்டுக்கிட்டேன். அவளுக்குப் பருப்பு ஊத்திப் பிசைஞ்சு வச்சேன். சாப்பிட்டாள்.